மடித்த படகுப் பாயை எதனால் கட்டுகிறீர்கள்?

போன வருடம் ஆடி மாதம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். திருகோணமலை உள்துறைமுகத்தில் நங்கூரமிட்ட 28 அடிப் பாய்ப்படகு ஒன்றை, உரிமையாளர் ஊரில் இல்லாத நாட்களில் நான்தான் பார்த்துக்கொள்வேன். அன்று பெரிய பாயை இறக்கி, பாயின் அடியில் கிடையாக இருக்கும் பூம் என்ற தடி மேல் மடித்து, கையில் கிடைத்த நைலோன் கயிற்றால் நாலு இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரவு கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும்பியது. துறைமுகத்தைச் சுற்றி மேடுதான், ஆனால் அதைத் தாண்டி விழும் காற்று சீராக வராது, அடித்து அடித்து வரும். விடியப் போய்ப் பார்த்தால் பாயின் நடுப்பகுதி ஊதிக்கொண்டு வெளியே வந்திருந்தது. உருண்டைக் கயிறு மழமழப்பான பாய்த்துணியில் நகர்ந்து நகர்ந்து தேய்த்து, ஒரு தையலையே விட வைத்திருந்தது. அதைவிடக் கொடுமை, நனைந்து இறுகிய முடிச்சுகள். பாய் படபடக்க, ஒரு கையால் பூமைப் பிடித்துக்கொண்டு கத்தியால் அறுத்தேன். பாயில் கத்தி படாதது கோணேசர் புண்ணியம்.

அதன் பிறகு தட்டைப் பட்டிதான். ஓர் அங்குல அகலம், ஒரு முனையில் காது, அதாவது வளையம், வைத்துத் தைத்தது. பாயைச் சுற்றிக் கொண்டுவந்து காதுக்குள் நுழைத்து, திருப்பி இழுத்து, சுருக்கு முடிச்சுப் போட்டால் சரி. ஒரே இழுப்பில் அவிழும். பாய்மரத்துப் பக்கம் மடிப்பு தடிப்பாக இருக்கும், அங்கே நீளமான பட்டி வேண்டும். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மூதூரான்:
தம்பி, இலாஸ்டிக் கயிறு வாங்கிவிடாதீர்கள். இரும்புக் கொக்கி வைத்த ஒன்றை இழுத்து மாட்டும்போது கை நழுவி, கொக்கி எகிறி என் நண்பரின் புருவத்தைக் கிழித்தது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். சீக்கிரம் கட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் என் படகில் இனி அது ஏறாது.

நிலாவெளி அக்கா:
நான் பாய் தைப்பவள். எல்லாப் பட்டியும் ஒன்றல்ல. மலிவாகக் கிடைக்கும் பொலிப்ரொப்பிலீன் பட்டியை வெயில் தின்றுவிடும், நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். நைலோன் உறுதியானது, ஆனால் நனைந்தால் நீண்டு கட்டு தளரும். பொலியெஸ்டர் அவ்வளவு நீளாது, வெயிலையும் தாங்கும். நூலும் பொலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் உக்கிப்போய்க் காது கழன்றுவிடும். காதை ஒரு சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓட்டுங்கள். வெட்டிய முனையை மெழுகுதிரியில் காட்டி உருக்கி, சூடு ஆறுமுன் கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் அந்த விளிம்பே பாயைக் கீறும்.

மூதூரான்:
நிறத்தையும் பாருங்கள். வெள்ளைப் பாயில் வெள்ளைப் பட்டி ஒன்றைக் கழற்ற மறந்து பாயை ஏற்றப் பார்த்தேன். கையால் இழுத்தபடியால் சிக்கியது உடனே தெரிந்தது. கயிற்றை இழுக்கும் வின்ச் உருளையில் சுற்றியிருந்தால் பாய் கிழிந்திருக்கும்.

முதலில் எழுதியவன்:
அக்கா, என்னுடையதும் வெள்ளைதான். மாற்ற வேண்டும். செம்மஞ்சள் கிடைக்குமா?

நிலாவெளி அக்கா:
இருக்கிறது தம்பி. பாயை மடித்த பிறகு கட்டும் இடம் ஒவ்வொன்றிலும் பூமோடு சேர்த்துச் சுற்றளவு எடுங்கள், முடிச்சுக்கு ஒன்றரை முழம் கூட்டி எழுதி அனுப்புங்கள். வெட்டி வைக்கிறேன்.