கூலன்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘தணிப்பி’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

சொந்தக் காரை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது பற்றி நாம் தயாரித்துவரும் கையேட்டில் மற்ற சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. எஞ்சின் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க உருவி எடுக்கும் கம்பிக்கு ‘அளவுகம்பி’ என்பதை எல்லாரும் ஏற்றுக்கொண்டோம். டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் குறுக்கே அமைந்திருக்கும் சிறு மேட்டுக்குத் ‘தேய்வுவரம்பு’ என்பதிலும் மறுப்பில்லை. வயல் வரம்பையும் எல்லையையும் ஒருசேர நினைவூட்டும் அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எஞ்சி நிற்பது, எஞ்சினின் மிகுதிச் சூட்டை வாங்கி ரேடியேட்டர் என்னும் சூடாற்றும் பாகத்துக்குக் கொண்டுசெல்லும் திரவமான கூலன்ட் ஒன்றுதான். அதற்குப் பொருத்தமில்லாத பெயர் வைத்தால் படிப்பவரின் பணம் வீணாகும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் அண்ணன் தம் காரை நன்றாகவே பார்த்துக்கொள்பவர். மாதம் ஒருமுறை பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பானெட்டைத் திறந்து, ‘ரேடியேட்டர் தண்ணி’ என்று அவர் சொல்லும் கூலன்ட் குறைந்திருந்தால் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலிலுள்ள குழாய் நீரை ஊற்றி நிரப்பிவிடுவார். சிங்கப்பூரில் குழாய் நீரை அப்படியே குடிக்கிறோம், மனிதனுக்கு ஆகிற நீர் எஞ்சினுக்கு ஆகாதா என்பது அவர் எண்ணம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் தீவு விரைவுச்சாலையில் வெப்பமுள் சிவப்புக்கு ஏறியது. பணிமனையில் கூலன்ட் கலனின் மூடியைத் திறந்தபோது நானும் அருகில் நின்றிருந்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் தேநீர்ச் சக்கையைக் கரைத்ததுபோல் பழுப்பாகக் கிடந்தது, விரலால் தொட்டால் துருப்பொடி ஒட்டியது. நீர்ப்பம்பும் ரேடியேட்டரும் மாற்ற வேண்டியதாயிற்று. எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடும் வெந்து போயிருந்தது. அண்ணன் அக்கறை இல்லாதவர் அல்லர். ‘தண்ணி’ என்ற பெயரை நம்பித்தான் அவர் தண்ணீரை ஊற்றினார்.

அந்தத் திரவம் வெறும் நீர் அன்று. பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலும் தாது உப்புகள் நீக்கிய நீரும் பாதிக்குப் பாதி கலந்து, அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காக்கும் வேதிப்பொருள்கள் சேர்த்துச் செய்யப்படுவது. நீர் கொதிக்கும் 100 டிகிரி செல்சியஸிலும் அது கொதிக்காது. போத்தலில் ‘ஆன்டிஃபிரீஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பனியே பெய்யாத இந்த ஊரில் இது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. உறையாமல் காப்பது அதன் வேலைகளுள் ஒன்றுதான். நமக்கு வேண்டியது கொதிநிலையை உயர்த்துவதும் அரிப்பைத் தடுப்பதும் ஆகும். ஆகவே பெயரில் ‘நீர்’ என்ற சொல் எந்த வடிவிலும் வரக்கூடாது என்பது என் முதல் வேண்டுகோள். ‘தணிநீர்’ என்ற பரிந்துரையை இதனாலேயே ஏற்க இயலவில்லை. சூடு ஆற்றுவது என்னும் பொருளில் முன்வைக்கப்பட்ட ‘ஆற்றுநீர்’ காதுக்கு இனிமையானதுதான், ஆனால் அதைப் படிப்பவர் ஆற்றங்கரைக்கே போய்விடுவார்.

‘குளிரூட்டி’ என்றால் இங்கு எல்லாருக்கும் ஏர்கான் நினைவுதான் வரும். ‘குளிரூட்டி குறைந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் பணிமனைக்காரர் ஏர்கான் வாயுவைச் சோதிக்கப் போவார். ‘குளிர்வி’ என்பதைப் பலர் ஆதரித்தீர்கள். சுருக்கமான சொல்தான், எனினும் கருத்தளவில் அது பிழையானது என்று நினைக்கிறேன். கார் எஞ்சினை யாரும் குளிரச் செய்வதில்லை. ஏறத்தாழ 90 டிகிரி வெப்பத்தில் இருந்தால்தான் அது ஒழுங்காக ஓடும். அந்தச் சூட்டை எட்டும்வரை தெர்மோஸ்டாட் என்னும் அடைப்பான் திரவத்தை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்தே வைத்திருக்கும். மிஞ்சிய சூட்டை மட்டும் வாங்கி வெளியே விடுவதுதான் திரவத்தின் வேலை. இதற்குத் தமிழில் ‘தணித்தல்’ என்ற வினை இருக்கிறது. காய்ச்சல் தணிந்தது என்கிறோம். உடல் குளிர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை, மிகுதி நீங்கி இயல்புக்கு வந்தது என்பதே பொருள். தாகம் தணிவதும் கோபம் தணிவதும் அப்படித்தான்.

வேர்ச்சொல் முடிவானால் விகுதிதான் மீதம். ‘தணிமம்’ என்று நீர்மம், திண்மம் வரிசையில் வைக்கலாம் என்றால், தனிமம் என்னும் வேதியியல் சொல்லோடு அது பேச்சில் கலந்துவிடும். ‘தணிப்பான்’ ஏற்கெனவே அணுக்கருவியலில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் பொருளுக்கு வழங்குகிறது, அதைத் தொட வேண்டாம். எனவே ‘தணிப்பி’ என்று முன்மொழிகிறேன். நிரப்பி, அனுப்பி என்பவற்றைப் போல வாயில் எளிதாக வருகிறது. ‘தணிப்பிக் கலன்’, ‘தணிப்பி மட்டம்’, ‘தணிப்பிக் கசிவு’ என்று தொடர்களாகவும் ஒட்டிக்கொள்கிறது.

கூலன்ட் என்றே எழுதினால் என்ன என்று கேட்டவருக்கும் மதிப்போடு ஒரு மறுமொழி. கடையில் கேட்டு வாங்க அந்தச் சொல் வேண்டும் என்பது உண்மை. ஆகவே முதல் முறை வரும் இடத்தில் ‘கூலன்ட் எனப்படும் தணிப்பி’ என்று எழுதி, பிறகு தணிப்பி என்றே தொடரலாம்.

கையேட்டின் அந்தப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, காலையில் வண்டியை எடுக்கும் முன், தணிப்பிக் கலனின் வெளிப்புறத்திலுள்ள இரு கோடுகளுக்கு நடுவே மட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிதிரவம் பீறிட்டு முகத்தில் அடிக்கும். குறைந்திருந்தால் உங்கள் காரின் கையேடு குறிப்பிடும் வகைத் தணிப்பியை மட்டுமே ஊற்றுங்கள். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள், நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். நிரப்பிய சில வாரங்களில் மீண்டும் குறைந்தால் கசிவு இருக்கிறது என்று கொண்டு பணிமனைக்குச் செல்லுங்கள். தணிப்பி இனிக்கும் நஞ்சு, பிள்ளைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.”

இப்பத்தியில் தணிப்பி என்ற சொல் எங்கேனும் இடறுகிறதா என்று உரக்கப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். ‘கலன்’ என்பதற்குப் பதில் ‘தொட்டி’ போதுமா என்பதிலும் உங்கள் கருத்து தேவை. அந்தப் பாத்திரம் ஒரு லிட்டர் போத்தலைவிடச் சற்றே பெரிதாக இருப்பதால் தொட்டி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்புடன்,
கையேட்டுப் பணியில் உங்களோடு இருக்கும் ஒருவன்