விழுந்த வண்டி, ஹேண்டில்பார் கோணல்: ஃபோர்க்கை வீட்லயே நேராக்க முடியுமா?

காட்பாடிக்காரன்:
125 சிசி, முன்னாடி டிஸ்க், சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க் (முன் வீலைத் தாங்குற ரெண்டு ஷாக் கால்). காட்பாடி மேம்பாலம் இறங்குற இடத்துல மணல்ல சறுக்கி வலது பக்கம் விழுந்தது, வேகம் 20க்குள்ளதான். இப்போ வண்டி நேரா போகணும்னா ஹேண்டில்பாரை லேசா இடது பக்கம் திருப்பிப் பிடிக்கணும். ஆயில் கசியல. ஃபோர்க் ட்யூப் வளைஞ்சிருக்கா, இல்ல ரெண்டு காலும் ஒண்ணுக்கொண்ணு திரும்பின வெறும் முறுக்கா? எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?

ஆற்காடு டூவீலர்:
இதுக்கு எதுக்குங்க பிரிக்கணும்? முன் வீலை ரெண்டு முட்டிக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கமா ஒரு வெட்டு வெட்டுங்க, நேராயிடும்.

சத்துவாச்சாரி லேத்:
போல்ட்டு தளர்த்தாம வெட்டினா நேரானது மாதிரி தெரியும். டி-க்குள்ள, அதாவது ரெண்டு ட்யூபையும் மேலயும் கீழயும் கவ்விப் பிடிக்குற துண்டுக்குள்ள, ட்யூப் இறுக்கத்தோடவே நிக்குறதால ரெண்டு பள்ளம் இறங்கினதும் பழையபடி திரும்பிடும்.

முதல்ல வளைவைப் பாருங்க. வளைஞ்சா பெரும்பாலும் கீழ் டி-க்கு அடியில, பின்பக்கமா வளையும். அங்க க்ரோம்ல சுருக்கம் தெரியுதான்னு நகத்தால தடவுங்க. முன் பிரேக் பிடிச்சு அமுக்கினா ஃபோர்க் நடுவுல சிக்கக் கூடாது. வலது இடது முழுசா திருப்பி, டயருக்கும் எஞ்சினுக்கும் இருக்குற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஹேண்டில் அதுக்கு மேல திரும்பாம தடுக்குற ஸ்டாப்பர் மடங்கியிருந்தா இதுலயே மாட்டிக்கும்.

அப்புறம் முறுக்கு. மட்கார்டைக் கழட்டுங்க. 25 செ.மீ. அகலத்துல சமமான கண்ணாடித் துண்டு ஒண்ணை, கீழ் டி-க்கும் ஆயில் சீலுக்கும் நடுவுல ரெண்டு ட்யூப் மேலயும் சாத்துங்க. நாலு மூலையும் ஒட்டினா சரி. ஆடுச்சுன்னா முறுக்கு.

சரி பண்ண: சென்டர் ஸ்டாண்ட், எஞ்சினுக்கு அடியில மரக்கட்டை, முன் வீல் தரையைத் தொடாம. தரையில வச்சு டி-யைத் தளர்த்தினா வண்டி ட்யூப் மேல சரிஞ்சு இறங்கிடும். ஆக்சில் நட்டு, கீழ் டி போல்ட்டு, மேல் டி போல்ட்டு, மேல் டி நடுவுல இருக்குற நட்டு எல்லாத்தையும் அரைச் சுத்து தளர்த்துங்க. நடு நட்டுக்குக் கீழ கோன் செட்டை (ஹேண்டில் திரும்புற பேரிங்) பிடிக்குற வளையத்தைத் தொடாதீங்க. இப்போ முட்டி வைத்தியம் பண்ணலாம். கண்ணாடி ஆடாத வரைக்கும் திருப்பி, ட்யூப் உச்சி ரெண்டும் ஒரே உயரமான்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க.

இறுக்கும்போது கீழ் டி, நடு நட்டு, மேல் டி. கட்டையை எடுத்துட்டு, ஆக்சில் நட்டு கையால திருப்பின அளவுல இருக்கும்போதே பிரேக் பிடிச்சு ஃபோர்க்கை ஆறேழு தடவை அமுக்குங்க. ஃபோர்க் கால் ரெண்டும் ஆக்சில்ல தானா உக்காந்துக்கும். அதுக்கப்புறம்தான் ஆக்சில், கடைசியா மட்கார்டு. டார்க் (போல்ட்டை இறுக்குற அளவு) மேனுவல் பார்த்து வைங்க. 12 ஸ்பேனர் போற 8 மி.மீ. போல்ட்டை 25 நியூட்டன் மீட்டருக்கு மேல இழுத்தா அலுமினிய டி-ல மரை போயிடும்.

காட்பாடிக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. கண்ணாடி ஒரு மூலையில தூக்குச்சு, தளர்த்தினதும் ஒட்டிக்கிச்சு. மட்கார்டு போல்ட்டை இறுக்கினா திரும்பத் தூக்குது!

சத்துவாச்சாரி லேத்:
அப்போ மட்கார்டுக்குள்ள இருக்குற இரும்புப் பட்டை மடங்கியிருக்கு, அதுதான் ஃபோர்க் காலை இழுக்குது. தனியா கழட்டி வைஸ்ல நேராக்குங்க. நாலு போல்ட்டும் கையாலேயே சுத்தி உள்ள போகணும், அதுதான் அளவு.

ஆற்காடு டூவீலர்:
சரிண்ணே, தளர்த்தாம வெட்டச் சொன்னது தப்புதான். வளைஞ்ச ட்யூபை லேத்துல பிரஸ் போட்டு நிமிர்த்தித் தர்றாங்களே, அது நிக்குமா?

சத்துவாச்சாரி லேத்:
சுருக்கம் விழுந்த ட்யூபை நிமிர்த்தவே கூடாது, அந்த இடத்துலயே ஒடியும். லேசான வளைவுன்னா வி-பிளாக்ல (V மாதிரி பள்ளம் வெட்டின கட்டை) உருட்டி டயல் கேஜ் வச்சு அளந்து பார்க்கச் சொல்லுங்க. டயல் காட்டுறதுல பாதிதான் வளைவு. நிறைய மேனுவல்ல 0.2 மி.மீ. வரைக்கும்தான் விடுவாங்க. அதுக்கு மேலன்னா புது ட்யூப், கூடவே ரெண்டு பக்கமும் ஆயில் சீல் மாத்திடுங்க.