கடலைக்கொல்லையில கெடச்சது இருதலை மணியனா, வேற மண்ணுளியா?

பாலக்கோட்டான்:
கடலை புடுங்குறப்ப இந்தப் பாம்பு செடிக்கடியில இருந்துச்சு, ஒன்றரை அடி இருக்கும், குட்டையா குண்டா, வெளிர் உடம்புல காப்பிக்கலர்ல திட்டுத்திட்டா. போட்டோ போட்டிருக்கேன், வால் மண்ணுக்குள்ள. பாதிப்பேர் விரியன்னு தடி எடுத்துட்டாங்க, மீதிப்பேர் மணியன்னா லட்சக்கணக்குல விலை போகும்னு புடிச்சுப்போட சாக்குப்பை தேடுறாங்க.

மாந்தோப்பு:
இருதலை மணியன் குட்டிங்க. பெருசானாத்தான் ஒரே செம்பழுப்பு, குட்டியில கருப்புப் பட்டை இருக்கும், திட்ட மட்டும் பாத்து வேற இனம்னு சொல்லிராதீங்க.

ஊத்தங்கரை:
பட்டை வேற திட்டு வேற தலைவரே. மணியன் குட்டிக்கு வால் பக்கம் வளையமா வரும். இதுல கழுத்துலருந்தே கோணல்மாணலா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓடுது. போட்டோவ பெருசாக்கி பின்பக்கம் பாருங்க, செதில் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மேடு. மணியன் வழவழன்னு மின்னும். இது சாதா மண்ணுளி.

மாந்தோப்பு:
மண்ணு ஒட்டியிருந்தா எல்லாமே சொரசொரப்பாத்தான் தெரியும். வாலக் காட்டுங்க, மணியன்னா தலை கணக்கா மொட்டையா முடியும்.

பென்னாகரத்துப் பையன்:
ரெண்டு பேரும் வாலு வாலுன்னு அடிச்சுக்கறீங்க, கண்ணாடி விரியனா இருந்தா? அதுக்கும் செதில்ல மேடு உண்டு.

ஊத்தங்கரை:
அதான் தம்பி யாரும் கை வைக்காதீங்க. ஆனா விரியனுக்கு முக்கோணத் தலை, கழுத்து ஒடுங்கித் தனியாத் தெரியும், முதுகுல முட்டை முட்டையா மூணு வரிசை சங்கிலி மாதிரி போகும். இதுக்கு வரிசையும் இல்ல, கழுத்தும் இல்ல.

பென்னாகரத்துப் பையன்:
விட்டேக்கர் மண்ணுளின்னு ஒண்ணு இருக்காமே?

ஊத்தங்கரை:
1991ல பேர் வச்சது, மேற்குக் கடற்கரைப்பக்கம் இருக்குறது. தர்மபுரிக்கு ஏன் இழுக்குறீங்க.

பாலக்கோட்டான்:
நகர்ந்துச்சு, வால் தெரிஞ்சுது. குட்டை வால், முனை கூரா இருக்கு.

மாந்தோப்பு:
மணியனுக்கு வால்ல தழும்பு சகஜம், வெட்டுப்பட்டு ஆறியிருக்கும்.

ஊத்தங்கரை:
வெட்டுப்பட்டா மொட்டையாகும், கூராகுமா அண்ணா? 😄 எதுவா இருந்தாலும் புடிச்சு வித்தா 1972 வனவிலங்குச் சட்டப்படி கேஸ், சாக்கோட நிக்கிறவங்கள மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்க.

மாந்தோப்பு:
விக்கச் சொல்லி நான் எங்க சொன்னேன்? தாடைக்கு அடியில ஒரு போட்டோ எடுங்க, மணியன்னா நடுவுல பள்ளக்கோடு இருக்கும், அது இல்லன்னாத்தான் ஒத்துக்குவேன்.

ஊத்தங்கரை:
அதுக்கு பாம்பப் புடிச்சு மல்லாத்தணும். விரியன்னு தடியோட ஆள் நிக்குற எடத்துல இந்த வேலையெல்லாம் வேணாம் பாலக்கோட்டான், ஃபாரஸ்ட் ஆபீசுக்கு போன் போடுங்க, வந்து பாக்கட்டும்.