சக்கர வேக சென்சார் மின்சுற்றில் பழுது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஆட்டோ எலக்ட்ரீஷியன், தூத்துக்குடி

முன் இடது சக்கர வேக சென்சாரை வேறொரு பட்டறையில் புதிதாக மாற்றிய பிறகும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு மீண்டும் மீண்டும் எரிகிறது என்று ஒருவர் தம் காரை என்னிடம் கொண்டுவந்தார். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் சி 0035 என்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தது. அது முன் இடது சென்சாரின் மின்சுற்றைக் குறிப்பது. அந்தச் சுற்றில் சென்சார் மட்டுமல்லாமல் கனெக்டரும், அங்கிருந்து ஏபிஎஸ் கணினி வரை செல்லும் இரண்டு வயர்களும், கணினியின் உள்ளீடும் அடங்கும். குறியீட்டைப் பார்த்தவுடன் சென்சாரை வாங்கிவிடுவதால்தான் இந்தப் பழுதில் வாடிக்கையாளரின் பணம் பெரும்பாலும் வீணாகிறது.

காரை ஓட்டியபடியே நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் கவனித்தோம். நேர்ச்சாலையில் நான்கும் ஒத்துப்போயின. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுவதுமாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் முன் இடது சக்கரத்தின் வேகம் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, விளக்கும் எரிந்தது. சக்கரம் திரும்பும்போது மட்டும் வரும் பழுது என்றால், அசைந்து கொடுக்கும் வயரில் ஏதோ இருக்கிறது என்றே பொருள்.

இது ஆக்டிவ் வகைச் சென்சார். கணினி தரும் ஏறத்தாழ 12 வோல்ட்டில் இயங்கி, சக்கரம் சுழலும்போது 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே மின்னோட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இதை ஓம் அளவில் வைத்துச் சோதிப்பதால் ஒன்றும் தெரியாது. நான் ஒரு வயரில் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டேஜ் பார்ப்பேன். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால் 0.7 வோல்ட்டுக்கும் 1.4 வோல்ட்டுக்கும் இடையே அளவு மாறிமாறித் தாவ வேண்டும். இந்தக் காரில் அப்படியே தாவியது. ஆகவே சென்சார் நன்றாகவே இருந்தது; கழற்றி வீசப்பட்ட பழைய சென்சாரும் நன்றாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து வயரிங். கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து அளந்தபோது பேட்டரி வோல்ட்டேஜ் முழுமையாக வந்தது. இந்த அளவை மட்டும் வைத்து வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது, ஏனெனில் மின்னோட்டம் பாயாத நிலையில் உள்ளே ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் முழு வோல்ட்டேஜையே காட்டும். எனவே பேட்டரியைத் துண்டித்து, கணினிப் பக்கத்துக் கனெக்டரையும் கழற்றி வயரை இருபுறமும் தனிமைப்படுத்திய பின், தனி பேட்டரியிலிருந்து 5 வாட் பல்பு ஒன்றை அந்த வயர் வழியாக எரியவிட்டேன். (கணினி இணைந்திருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது; கணினி பழுதாகிவிடும்.) முதல் வயரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டாவது வயரில் மங்கலாகத்தான் எரிந்தது. கனெக்டருக்குப் பின்னால் கையை வைத்து லேசாக இழுத்ததும் அணைந்துவிட்டது.

உறையைக் கீறிப் பார்த்தபோது செம்பு முழுவதும் பச்சைக் களிம்பேறிப் பொடியாகியிருந்தது. காரணமும் அருகிலேயே தெரிந்தது. புதிய சென்சாரை மாட்டியவர் அதன் வயரை ஷாக் அப்சார்பர் மீதுள்ள கிளிப்பில் பொருத்தாமல் விட்டிருந்தார். அதனால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதெல்லாம் அந்த வயர் கனெக்டரை இழுத்தது. ஏற்கெனவே எங்கள் ஊர் உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்த வயர் அந்த இழுப்பைத் தாங்கவில்லை. செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டியெடுத்து, புதிய துண்டைக் கிரிம்ப் செய்து (அழுத்தி இணைத்து), சூடேற்றினால் சுருங்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினேன். இரண்டு வயர்களின் இணைப்பும் ஒரே இடத்தில் வராதபடி தள்ளித்தள்ளி வைத்து, அவற்றின் முறுக்கலையும் பழையபடி திருப்பிக் கொடுத்தேன்.

மெக்கானிக், கோயம்புத்தூர்

எனக்கு வந்தது வயரிங் முற்றிலும் நன்றாக இருந்த கார். வீல் பேரிங் மாற்றிய மறுநாளே ஏபிஎஸ் விளக்கு எரிந்திருந்தது. மேலே சொன்ன 100 ஓம் முறையில் பார்த்தபோது மின்னோட்டம் வந்தது, ஆனால் சக்கரத்தை எவ்வளவு சுழற்றினாலும் ஒரே அளவில் நின்றது. பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலில்தான் (மூடியில்) சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கிறது; பேரிங்கைத் திருப்பி அழுத்திவிட்டால் வளையம் சென்சாரை விட்டு மறுபக்கம் போய்விடும். புதிய பேரிங்கைப் பொருத்தும் முன் இரு பக்கமும் ஒரு மெல்லிய குண்டூசியை வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் ஈர்க்கிறதோ அதுவே சென்சார் பக்கம். காந்தமேறிய ஸ்க்ரூ டிரைவரை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பழைய கார் வைத்திருக்கும் உறுப்பினர், மதுரை

என் காரில் விளக்கே எரியவில்லை. சிக்னலில் நிற்கப் போகும்போது, மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் கீழே வந்ததும், பிரேக் பெடல் காலுக்கடியில் துடித்து, வண்டி ஓரடி கூடுதலாக நகர்ந்து நின்றது. பழைய பாசிவ் வகைச் சென்சார் அது. உள்ளே காந்தமும் சுருளும் மட்டுமே உண்டு. வேகம் குறையக் குறைய அது தரும் வோல்ட்டேஜும் குறையும். ஆக்ஸிலில் பொருத்திய, சென்சார் படிக்கும் பல்வளையம் துருவேறி விரிசல் விட்டிருந்ததால், ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் சிக்னல் விடுபட்டது. சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்று எண்ணிக் கணினி பிரேக்கைத் தளர்த்தியிருக்கிறது. சென்சாரை ஓம் அளவில் பார்த்தபோது 1,100 காட்டியது; இந்த வகைக்கு அது இயல்பான அளவுதான், வளையத்தின் விரிசலை அது காட்டாது.

ஒரு கேள்வி: வயரைச் சரிசெய்த பிறகு குறியீட்டை அழித்தும் விளக்கு உடனே அணையாவிட்டால் என்ன செய்வது?

ஆட்டோ எலக்ட்ரீஷியன், தூத்துக்குடி

சற்றுத் தூரம் ஓட்டிப் பாருங்கள். பல கார்களில் நான்கு சக்கரங்களின் சிக்னலும் ஒத்துவருவதை ஓட்டத்தில் சரிபார்த்த பிறகே கணினி விளக்கை அணைக்கும். ஓட்டியும் அணையவில்லை என்றால் குறியீட்டை மறுபடி படியுங்கள். வேறு சக்கரத்தின் எண் வந்திருக்கக்கூடும்.