மூடப்போகும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வியாழக்கிழமை ஆய்வு: நான் எதைப் பார்க்க வேண்டும்?

கரிசல்காட்டான்:
அரியலூர் மாவட்டத்துக்காரன் நான். ஊருக்குக் கிழக்கே உள்ள சுரங்கத்தில் கல் எடுத்து முடித்துவிட்டார்கள். நிலத்தைச் சீரமைத்தாயிற்று என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். வார்டு உறுப்பினர் என்பதால் என்னையும் உடன் வரச் சொல்லியிருக்கிறார்கள். போன ஐப்பசியில் அங்கிருந்த கழிவு மண் மேடு கரைந்து, எங்கள் ஏரியின் வரத்து வாய்க்காலில் முழங்கால் அளவுக்குச் சேறு நின்றது. ஊரே மண்வெட்டியோடு இறங்கி மூன்று நாள் அள்ளினோம். இப்போது மேடு பச்சையாகத் தெரிகிறது. அதைத் தூரத்திலிருந்து காட்டியே ஆய்வை முடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய அளவையர்:
தம்பி, 31 ஆண்டுகள் சுரங்கங்களில் அளவையராக வேலை பார்த்தவன் நான். உங்கள் பயம் நியாயமானது.

ஜீப்பில் ஏறாதீர்கள். நடந்து போங்கள். சுரங்க மூடல் திட்டத்தின் வரைபடத்தைக் கேட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக் கல்லிலிருந்து தொடங்குங்கள். எல்லையை ஒட்டி 7.5 மீட்டர் நிலத்தை வெட்டாமல் விட்டிருக்க வேண்டும். நாடாவைப் பிடித்து அளந்து பாருங்கள்.

அடுத்தது அந்தப் பச்சை மேடு. சீமைக் கருவேலம் யாரும் நடாமலே வரும், அதைச் சீரமைப்பில் சேர்க்கக் கூடாது. கடப்பாரையால் ஒரு முழம் தோண்டுங்கள். விரற்கடைக்குக் கீழேயே வெள்ளைச் சுண்ணாம்புச் சல்லி வந்தால், மேல்மண் பரப்பவே இல்லை என்று பொருள். சுரங்கம் தொடங்கும்போது வழித்த மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, மறுபடி நிலத்தைச் சீர்செய்யப் பயன்படுத்த வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் ஊர்க் கரிசல் எங்கே குவிந்திருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் முக்கியம். மண் இல்லாத மேட்டில் எத்தனை கன்று வைத்தாலும் இரண்டு கோடையைத் தாண்டாது.

ஒருமுறை இப்படித்தான் வரிசை வரிசையாகப் புங்கன் கன்றுகள் நின்றன. வாடியிருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தேன். நாற்றங்காலின் கறுப்புப் பிளாஸ்டிக் பை வேரோடு வந்தது. உள்ளே வேர்கள் சுருண்டு சுருண்டு கயிறுபோல் கிடந்தன. பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கியிருந்தார்கள். என் குறிப்பேட்டில் அந்த வரிசை முழுவதையும் அடித்துவிட்டேன்.

பிறகு மேட்டைச் சுற்றியுள்ள வடிகாலின் வழியே தண்ணீர் போகும் திசையில் நடங்கள். அது வண்டல் குட்டையில், அதாவது தண்ணீரோடு வரும் சேறு அடியில் தங்குவதற்காக வெட்டிய குட்டையில், முடிய வேண்டும். குட்டை இப்போதே தூர்ந்து நிரம்பியிருந்தால், வரும் ஐப்பசியிலும் சேறு உங்கள் வாய்க்காலுக்குத்தான் வரும். பள்ளத்துக்கு வேலி இருக்கிறதா, ஆடுமாடு தண்ணீர் குடித்துவிட்டு ஏறிவரச் சரிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஓடைக்கரை ஆசிரியை:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போவதற்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி ஆணையைப் படித்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அதன் நகலை ஊராட்சிக்கும் கொடுத்திருக்க வேண்டும். பழைய கோப்புகளில் தேடுங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை நிறுவனம் தரும் அறிக்கைகள் பொது ஆவணங்கள், தாராளமாகக் கேட்கலாம். சுரங்கம் தோண்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று உத்தரவிட்டிருக்கிறது. கால்நடைக்குத் தீவனமாகும்படி புல் வளர வேண்டும் என்பதே அதன் நோக்கம். எங்கள் பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

கரிசல்காட்டான்:
போய்வந்தேன். உங்கள் இருவருக்கும் நன்றி. மேட்டில் ஐந்து இடங்களில் தோண்டச் சொன்னேன். அதிகாரி ஒருவர் மறுக்காமல் தாமே கடப்பாரையை வாங்கினார். மூன்று இடங்களில் நான்கு விரல் ஆழத்தில் வெள்ளைச் சல்லி. தெற்குச் சரிவில் மட்டும் நல்ல கரிசல், அங்கே வேம்பு என் தோள் உயரம் வளர்ந்திருக்கிறது. வண்டல் குட்டையில் குச்சியை விட்டுப் பார்த்தோம். ஒரு சாணுக்குமேல் தண்ணீர் இல்லை, கீழெல்லாம் சேறு. குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா?

பழைய அளவையர்:
தோண்டிய ஐந்து இடங்களும் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால் போடுங்கள். 'சில இடங்களில்' என்று மட்டும் எழுதியிருந்தால் போடாதீர்கள். குட்டையைத் தூர்வார ஆவணி முடிவதற்குள் ஒரு தேதியும் கேட்டு வாங்குங்கள். தெற்குச் சரிவின் படத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். மற்ற பக்கங்களிலும் அதே வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு அந்த வேம்பே சாட்சி.