வனவிலங்கு டிரஸ்ட் வெப்சைட்டை மாத்தித் தரணும், எங்க ஆரம்பிக்கிறது?

மரங்கொத்தி:
எல்லாருக்கும் வணக்கம். வனவிலங்கு பாதுகாப்புல இருக்கற ஒரு சின்ன டிரஸ்ட்டுக்கு வெப்சைட் ரீடிசைன் பண்ணித் தர்றேன்னு வாய விட்டுட்டேன், காசு கெடையாது, வாலண்டியரா தான். இப்ப இருக்கறது பழைய வேர்ட்பிரஸ் (சைட் நடத்தற சாஃப்ட்வேர்), வந்தவங்க போனவங்க எல்லாம் ஆளுக்கொரு பிளகின், அதாவது கூடுதல் வசதி, போட்டு வச்சிருக்காங்க, மெனுல மட்டும் 14 ஐட்டம், டொனேஷன் பட்டன் எங்கன்னு எனக்கே தேட ரெண்டு நிமிஷம் ஆச்சு. கமிட்டில ஒருத்தருக்கு ஹோம் பேஜ் முழுக்க யானை வீடியோ ஓடணும், இன்னொருத்தருக்கு படம் ஒண்ணொண்ணா மாறிக்கிட்டே இருக்கற ஸ்லைடர், செயலாளருக்கு எந்த மிருகத்த எங்க பார்த்தாங்கன்னு காட்டற மேப் ஒண்ணு வேணும், ஃபீல்டுல எடுக்கற போட்டோ எல்லாம் அதுல தானா ஏறணுமாம். தலைவர் மட்டும் "பச்சையா இருந்தா சரி"ன்னுட்டாரு. எத மொதல்ல தொடறது, எத முடியாதுன்னு சொல்றது?

கோடுகிழிப்பவன்:
டிசைன தொடாதீங்க ப்ரோ இப்போதைக்கு. மொதல்ல கூகுளோட சர்ச் கன்சோல (தேடல்ல இருந்து சைட்டுக்கு எப்படி வர்றாங்கன்னு காட்டற ஃப்ரீ டூல்) திறந்து ஜனங்க என்ன தேடி உள்ள வர்றாங்கன்னு பாருங்க. நான் பண்ண ஒரு சைட்ல பாதிக்கு மேல "அடிபட்ட பறவைய என்ன பண்றது" மாதிரி தேடி வந்தவங்க, அந்த பக்கம் மெனுலயே இல்ல, யாரோ எப்பவோ எழுதிப் போட்ட பழைய போஸ்ட். கமிட்டிக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. அந்த மாதிரி பக்கத்த எடம் மாத்துனா பழைய லிங்க்குல வர்றவங்கள புது எடத்துக்கு தானா அனுப்பற 301 ரீடைரக்ட் கண்டிப்பா போடுங்க, இல்லன்னா வந்துக்கிட்டிருந்த கூட்டமும் போயிடும்.

வீடியோ பத்தி: கூகுள் கணக்குப்படி பக்கத்தோட பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள தெரியணும், சிக்னல் வீக்கா இருக்கற போன்ல யானை வர்றதுக்குள்ள ஆள் போயிடுவான். ஒரே ஒரு நல்ல ஸ்டில் போதும், ஃபைல் சைஸ் சின்னதா வர்ற வெப்பி (WebP) ஃபார்மட்ல. ஸ்லைடர்ல ரெண்டாவது படத்த யாரும் பாக்கறதே இல்ல, அது கமிட்டிக்குள்ள சண்டை வராம இருக்கறதுக்காக கண்டுபிடிச்ச ஐட்டம். பச்சை ஓகே, ஆனா பச்சை மேல பச்சைல எழுதிடாதீங்க, எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைஞ்சது 4.5க்கு 1 வேணும்.

ஒத்தையடிப்பாதை:
நான் வெப் ஆள் இல்ல, ஃபீல்டுல இருக்கேன், அதனால அந்த மேப் பத்தி மட்டும் சொல்றேன். தயவுசெஞ்சு அத நிறுத்துங்க. வேட்டைக்காரனுக்கும் இன்டர்நெட் இருக்கு. 1999ல தென்கிழக்கு சீனாவுல ஒரு குகைப் பல்லி இனத்த புதுசா கண்டுபிடிச்சு எந்த எடம்னு போட்டு பேப்பர் எழுதினாங்க, வளர்க்கறதுக்குன்னு பிடிச்சு விக்கறவங்க அதப் படிச்சுட்டே போயி அந்த எடத்துல ஒண்ணு விடாம அள்ளிட்டாங்க. விஞ்ஞானிகளே பட்டு தெரிஞ்சுக்கிட்ட பாடம் இது.

மேப்ப விட மோசம் போட்டோ. போன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா எடுக்கற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் ஜிபிஎஸ் புள்ளி உக்காந்திருக்கும், எக்ஸிஃப்னு சொல்வாங்க. வேர்ட்பிரஸ் நீங்க ஏத்துன ஒரிஜினல் ஃபைல அப்படியே சர்வர்ல வச்சிருக்கும், பக்கத்துல சின்ன படம் தெரிஞ்சாலும் ஒரிஜினல எடுக்க தெரிஞ்சவன் எடுத்துடுவான். கேமரா ட்ராப் (மிருகம் வந்தா தானா படம் எடுக்கற காட்டு கேமரா) படத்துல கீழ ஒரு பட்டை வரும்ல, தேதி நேரம் கேமரா பேரு எல்லாம், அதையும் வெட்டுங்க. ஃபைல் பேரும் பாருங்க, எங்காளு ஒருத்தர் "வடக்குகுட்டை கேமரா3"ன்னு பேரு வச்சே அனுப்புவாரு, அப்புறம் ஜிபிஎஸ் எதுக்கு. கூடு, குகை, குட்டி போட்ட எடம் இதெல்லாம் பின்னணில மலையோ பாறையோ அடையாளம் தெரியற மாதிரி இருந்தா போடவே போடாதீங்க, மத்தத சில மாசம் கழிச்சு போடுங்க.

மரங்கொத்தி:
அடக் கடவுளே. இப்பத்தான் பழைய கேலரில இருந்து பத்து படம் இறக்கி பார்த்தேன், ஆறுல புள்ளி இருக்கு. ஒண்ணு ஆந்தைக் கூடு. இத்தன வருஷமா சும்மா கெடக்குது.

கோடுகிழிப்பவன்:
ரீடிசைன் அப்புறம், இன்னைக்கே அத தூக்குங்க. எக்ஸிஃப்டூல்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, ஃபோல்டர் மொத்தத்தையும் ஒரே கமாண்ட்ல கழுவிடும், ஆனா ஒரிஜினல் காப்பி ஒண்ண வெளிய தெரியாத எடத்துல வச்சுக்கோங்க, ஃபீல்டுக்காரங்களுக்கு அந்த புள்ளி தேவைப்படும். சர்வர்ல மாத்துனதும் கேஷ (cache, சைட் சேத்து வச்சிருக்கற பழைய காப்பி) கிளியர் பண்ணுங்க. சர்ச் கன்சோல்ல ரிமூவல், அதாவது தேடல்ல காட்டாதன்னு கோரிக்கை, போட்டா கூகுள் சுமார் ஆறு மாசம் மறைச்சு வைக்கும், அது டெம்பரரி தான், ஃபைல் உண்மையாவே போயிருக்கணும்.

சில்லறைக்காசு:
டொனேஷன் பக்கம் பத்தி யாரும் பேசலயே. "எவ்ளோ வேணாலும் போடலாம்"னு வெறும் பெட்டி வச்சு விட்டீங்கன்னா திருட்டு கார்டு வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ற பயலுங்க உங்க ஃபார்ம்ல தான் வந்து நிப்பானுங்க, சின்னச் சின்ன தொகையா ராத்திரி பூரா நூத்துக்கணக்குல அடிப்பான். குறைஞ்சபட்ச தொகை, கேப்சா (மனுஷனா ரோபோவான்னு பாக்கற சோதனை) ரெண்டும் போடுங்க, கார்டு நம்பர உங்க சைட்ல வாங்காம பேமென்ட் கம்பெனியோட பக்கத்துக்கே அனுப்பிடுங்க. குட்டிக் குரங்க கட்டிப்புடிச்சு நிக்கற போட்டோ பட்டன் பக்கத்துல வேணாம், அதப் பாத்தா நாமளும் ஒண்ணு வளர்க்கலாம்னு தான் தோணும். ஐயுசிஎன்னோட (உலக இயற்கை பாதுகாப்பு அமைப்பு) குரங்கு நிபுணர் குழு 2021லயே இதுக்கு வழிமுறை போட்டிருக்கு.

மரங்கொத்தி:
நன்றி எல்லாருக்கும். கேலரிய மூடிட்டேன். மேப் வேணாம்னு செயலாளர்கிட்ட எப்படி சொல்றதுன்னு தான் தெரியல, மனுஷன் ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்காரு.

ஒத்தையடிப்பாதை:
மொத்தமா வேணாம்னு சொல்லாதீங்க. ஐநேச்சுரலிஸ்ட்ல (பார்த்த உயிரினத்த ஜனங்க பதிவு பண்ற சைட்) அழியற இனம்னா சரியான புள்ளிய மறைச்சு 0.2 டிகிரி கட்டத்துக்குள்ள எங்கயோ ஒண்ண காட்டுவாங்க, நிலநடுக்கோட்டுகிட்ட ஒரு பக்கம் 22 கிலோமீட்டர் வரும். அந்த மாதிரி பெரிய கட்டமா கலர் அடிச்சு குடுங்க, ஆந்தை அதுலயும் வேணாம். அதுக்கும் ஒத்துக்கலன்னா அந்த ஆந்தைக் கூட்டு படத்த அவர் முன்னாடியே திறந்து, புள்ளிய எடுத்து கூகுள் மேப்ல போட்டு காட்டுங்க, எந்த மரம்னு அவரே சொல்வாரு.