எலுமிச்சை தேய்த்துப் பல் கூசுகிறது, என்ன செய்ய?

கேள்வி: டீ கறை போகணும்னு மூணு வாரமா எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து தேய்ச்சேன். முதல்ல பளிச்சுன்னு இருந்துச்சு. இப்போ தண்ணி பட்டாலே கூசுது, ஈறோரம் மஞ்சளாத் தெரியுது. அக்கா கல்யாணத்துக்கு ஒன்றரை மாசம்தான் இருக்கு.

பதில்: தயவுசெய்து உடனே நிறுத்துங்க. நானும் இதே தப்பைப் பண்ணினவள். எலுமிச்சையில இருக்கிற அமிலம் பல்லோட கெட்டியான மேல் அடுக்கான எனாமலைக் கரைக்கும். போன எனாமல் திரும்ப வளராது. அது மெலிஞ்சா உள்ளே இருக்கிற டென்டின் தெரியும், அதோட நிறமே மஞ்சள்தான். எனக்குக் கூச்சம் குறைஞ்சது மென்மையான பிரஷ்ஷாலயும் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிற பேஸ்ட்டாலயும்தான். ராத்திரி 2 நிமிஷம் துலக்கித் துப்புவேன், கொப்பளிக்க மாட்டேன்; பேஸ்ட்டுல இருக்கிற ஃபுளோரைடு பல்லுல தங்கணும். புளிப்பா சாப்பிட்டா அரை மணி நேரம் கழிச்சுத்தான் பிரஷ்.

இன்னொரு பதில்: கரித்தூள் பக்கமும் போகாதீங்க, அதுவும் அராவிடும். டீ கறை பெரும்பாலும் மேலாகத்தான் படியும், பல் மருத்துவர்கிட்ட கிளீனிங் பண்ணினாலே போயிடும். பெராக்சைடுங்கிற ரசாயனத்தால பல்லை வெளுக்கிறதைக் கூச்சம் அடங்கின பிறகு கேளுங்க. கேப் (செயற்கை உறை) போட்ட பல், அடைச்ச இடம் அதுல வெளுக்காது.

கேட்டவர்: முன்பல்லுல ஒண்ணு கேப்தான்! நல்லவேளை சொன்னீங்க. நாளைக்கே போய்க் காட்டுறேன்.